கட்டையில் இருந்த ‘தேயிலை’: ஓர் அச்சுக்கலைஞரின் ஸ்டூடியோ படங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் கடைக்குப் பின்னால் குடியிருக்கும் குடும்பம் அது. அவர்களிடம் தாத்தாவின் ஸ்டூடியோ படங்கள் ஏழு இருந்தன. ஆறு தகர ட்ரங்குப் பெட்டியில், ஒன்று சுவரில். தாத்தா கண்டியில் ஓர் அச்சகத்துக்கு மரக்கட்டையில் லேபிள் செதுக்கியவர், கல்லச்சுக்கும் வரைந்தவர். வேலை குறைந்த மாதங்களில் கடைப் பெயர்ப்பலகை, திருவிழா நோட்டீஸ், நாடகத் திரை என்று கையில் கிடைத்ததை எல்லாம் எழுதியிருக்கிறார். அவர் செதுக்கிய கட்டை எதுவும் வீட்டில் இல்லை. பழைய கணக்குக் கொப்பி ஒன்று மட்டும் படங்களோடு அதே பெட்டியில் கிடந்தது.

மலையக மக்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023இல் பல வீடுகளில் பழைய படங்களைத் தேடி எடுத்தார்கள். இந்த வீட்டுப் பேரனும் தாத்தாவின் படத்தை ஒரு கண்காட்சிப் பதாகையிலும் குடும்பக் கலண்டரிலும் போட விரும்பினார். எங்களிடம் அவர் கேட்டது இரண்டு. ஒன்று, பூஞ்சணம் பிடித்த படங்களைக் காப்பாற்றி ஸ்கேன் செய்து தர வேண்டும். மற்றது அவர் வாய்ச்சொல்லிலேயே: “இந்தச் சின்னப் படத்துல எழுத்து மாறி விழுந்திருக்கு சார். சுவத்துல இருக்கிற பெரிய படத்துல சரியா இருக்கு. அதே மாதிரி திருப்பிக் குடுங்க.”

அந்த இரண்டாவது வேண்டுகோள்தான் இந்த ஆய்வை எழுதவைத்தது.

முதல் நாள் கண்டவை

மூன்று படங்கள் தடித்த அட்டையில் ஒட்டியவை, ஏறக்குறைய 108 × 165 மி.மீ. அவற்றில் முதலாவதில் தாத்தா கோட் அணிந்து மேசை முன் உட்கார்ந்திருக்கிறார். மணல் பையின் மேல் ஒரு கட்டை, கையில் செதுக்குளி. கட்டையின் முகம் கமெராவை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அதிலுள்ள எழுத்து தெரிகிறது. இரண்டாவதில் அதே திரைச்சீலைக்கு முன் மனைவியோடு நிற்கிறார். மூன்றாவது மார்பளவுப் படம். இவை தவிர தபாலட்டைப் படங்கள் இரண்டும் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும். மலையகத் தமிழரை இந்திய, இலங்கைக் குடியுரிமைக்கெனப் பிரித்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இப்படி ஒரு படத்துக்காகவே வாழ்க்கையில் முதன்முறை ஸ்டூடியோ ஏறியவர்கள் மலையகத்தில் ஏராளம். தாத்தாவின் பாஸ்போர்ட் படத்தில் ஸ்டேப்ளர் கம்பியின் துரு அப்படியே இருந்தது.

ஏழாவது சுவர்ப்படம். முதல் படத்தையே பெரிதாக்கி, கன்னத்துக்கும் உதட்டுக்கும் நிறம் தீட்டி, பிரேம் போட்டது. விறகடுப்பு எரியும் குசினிச் சுவரில் தொங்கியது. சுவரின் மறுபக்கம் வெளிப்புறம், மழை நேரே அடிக்கும் பக்கம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இடைவெளியே விடாமல் பின்னால் ஹார்ட்போட் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது கீழ்ப்பாதியில் ஈரத்துணி ஒட்டினாற்போல ஒரு கருத்த திட்டு தெரிந்தது, அதன் ஓரத்தில் வானவில் நிறம். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஈரத்தில் ஊதி, கண்ணாடியில் பசைபோல ஒட்டி, அப்படியே காய்ந்ததன் அடையாளம் அது. படத்தில் ஏறக்குறைய கால்வாசி ஒட்டியிருந்தது.

அட்டைப் படங்களின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளி மினுக்கம். முதல் படத்தின் இடக் கீழ்மூலையில் அட்டையோடு சேர்ந்து படமும் மடங்கி வெடித்த கோடு. வலது மேல்மூலையை ராமபாணப் பூச்சி சுரண்டியிருந்தது. தபாலட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம். மெல்லிய தூரிகை நுனியால் தொட்டால் ஒன்றில் தூளாக உதிர்ந்தது, மற்றதில் இழுபட்டு அப்பியது. அப்புகிற பூஞ்சணம் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

வீட்டின் மூத்த மகள், எண்பதைத் தாண்டியவர், சுவர்ப்படத்தை இறக்கும்போது தானாக ஒன்று சொன்னார்: “அப்பா சோத்துக் கையாலதான் செதுக்குவாரு. இவங்கல்லாம் பீச்சாங்கைக்காரருன்னு சொல்றாங்க. நான் சொன்னா யாரு கேக்குறா, படத்துலயே இருக்குன்னுட்டாங்க.” அன்று யாரும் அதை எழுதிவைக்கவில்லை.

உலர்த்தல்: எடுத்த முடிவும் நேர்ந்த பிழையும்

பூஞ்சணம் பிடித்த படத்தைத் துணியால் துடைப்பதும் வெயிலில் காயவைப்பதும்தான் வழக்கமாக நடப்பவை. இரண்டையும் தவிர்த்தோம். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். ஈரப் பஞ்சு பட்ட இடத்தில் முகமே வழிந்துவிடலாம். வெயிலில் வைத்தால் ஜெலட்டின் சுருங்கும் வேகத்துக்கு அட்டை ஈடுகொடுக்காது. ஆகவே ஈரத்தைக் கட்டுப்படுத்தி வளர்ச்சியை நிறுத்துவது, பூஞ்சணம் தூளான பிறகு முகக்கவசம் போட்டு மென்தூரிகையால் வெளிப்புறமாகத் தள்ளி எடுப்பது என்று முடிவானது. ஈரப்பதம் 65 வீதத்துக்குக் கீழே நின்றால் புதிதாக முளைப்பது நின்றுவிடும். இலக்கு 45 முதல் 50.

30 லீற்றர் மூடிப் பெட்டியில் ஆறு படங்களையும் எழுது தாள்களின் மேல் பரப்பி, செம்மஞ்சள் நிற சிலிக்கா ஜெல் 500 கிராம் வைத்து, சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும் போட்டு மூடினோம். அறையில் அப்போது 84 வீதம். மறுநாள் காலை மானி 38 காட்டியது. முதல் படத்தின் அட்டை நடுவில் 6 மி.மீ குழிந்து வளைந்திருந்தது. இடக் கீழ்மூலை வெடிப்பும் இரண்டு மி.மீ நீண்டிருந்தது.

காரணம் இரண்டு. சிலிக்கா ஜெல் மிக அதிகம். 30 லீற்றர் காற்றில் அந்தக் குளிரில் அரைக் கிராம் ஈரம்கூட இராது. அதை ஜெல் சில நிமிடங்களில் குடித்துவிட்டு, பிறகு அட்டையிலிருந்து இழுக்கத் தொடங்கும். அட்டையைவிட ஜெலட்டின் கூடுதலாகச் சுருங்குவதால் படமுள்ள பக்கம் உட்குழியும். இரண்டாவது காரணம் மானி. பிறகுதான் உப்புச் சோதனை செய்தோம். போத்தல் மூடியில் கறியுப்பைச் சொட்டுத் தண்ணீரில் கூழாக்கி, மானியோடு சேர்த்து இறுக மூடும் பையில் 12 மணி நேரம் வைத்தால் 75 வீதம் காட்ட வேண்டும். நம்முடையது 81 காட்டியது. அப்படியானால் அன்று காலை பெட்டிக்குள் உண்மையில் இருந்தது 32 வீதம்தான்.

ஜெல்லை எடுத்துவிட்டு மூன்று நாள் திறந்தும் மூடியும் மெல்ல 55க்கு ஏற்றினோம். பிறகு 50 கிராம் பைகளாக, நாளுக்கு 5 வீதத்துக்கு மேல் இறங்காமல் இறக்கினோம். வளைவு 2 மி.மீக்குத் தணிந்தது. நீண்ட வெடிப்பு நீண்டதுதான். பாரம் வைத்து நிமிர்த்தச் சொன்னார் பேரன். காய்ந்த அட்டையைப் பாரம் வைத்து நிமிர்த்தினால் முறிந்துவிடும், ஆகவே மறுத்தோம்.

எந்தக் காலத்துப் படம்

படம் பொகவந்தலாவைப் பக்கம் இருந்த “வெள்ளைக்கார அம்மா” எடுத்தது, இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று குடும்பத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதியில் எந்தப் பழைய படம் வெளியே வந்தாலும் இந்தப் பேச்சும் கூடவே வரும். அந்த அம்மா, பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரூன், 1875இல் இலங்கை வந்து 1879இல் இறந்தார். பொகவந்தலாவை தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். களுத்துறையில் 1877இல் ஓவியர் மேரியான் நோர்த்தையும் அவர் படம் எடுத்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவருடைய படங்கள் பெரும்பாலும் முட்டை வெண்கருத் தாளில் அச்சிட்டவை. அந்தத் தாளை 30 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் காகித நார் தெரியும். இங்கே நார் துளியும் தெரியவில்லை. காகிதத்துக்கும் ஜெலட்டினுக்கும் நடுவே வெள்ளைப் பூச்சாகப் பேரியம் சல்பேற்று இருப்பதால் நார் மறைந்துவிடுகிறது. ஓரத்து வெள்ளி மினுக்கமும் சேர்ந்து, இது உருத்துலக்கி எடுத்த வெள்ளி–ஜெலட்டின் படம், 20ஆம் நூற்றாண்டுக்குரியது என்று காட்டியது. அட்டையின் வலக் கீழ்மூலையில் மையில்லாத அழுத்து முத்திரை ஒன்று இருந்தது. டோர்ச்சை 10 பாகை அளவுக்குச் சாய்த்துப் பிடித்தபோது ‘கண்டி’ என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் எழுந்து வந்தது. ஸ்டூடியோ பெயர் தேய்ந்துவிட்டது. யாரோ முன்பு பென்சிலால் தேய்த்து வாசிக்க முயன்ற கறை அதன்மேல் இருந்தது. அப்படித் தேய்த்தால் மேடு நசுங்கி, உள்ளதும் போய்விடும்.

தபாலட்டைகள் பின்புறம் இரண்டாகப் பிரிந்தவை. பிரித்தானியாவில் 1902க்குப் பிறகு வந்த முறை அது. அதற்கு மேல் அவை எதுவும் சொல்லவில்லை.

சுவர்ப்படம்தான் கதையை மாற்றியது. பிரேம் விளிம்புக்குள் மறைந்திருந்த வெள்ளை ஓரத்தில் 365 நானோமீற்றர் புற ஊதா டோர்ச்சை அடித்தபோது, சலவை பவுடரில் தோய்த்த வெள்ளைச் சட்டை போல நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. 395 நானோமீற்றர் மலிவு டோர்ச் இதற்கு ஆகாது. அதன் ஊதா வெளிச்சமே கண்ணை ஏமாற்றும். தாளில் இப்படி ஒளிரும் வெண்மையூட்டி கலக்கும் வழக்கம் 1950களில் பரவியது. ஒளிராத தாள் எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம். ஒளிர்கிற தாளை மட்டும் அதற்கு முன்னே கொண்டுபோக முடியாது. முதல் படமோ மூத்த மகள் பிறக்கும் முன் எடுத்தது. ஆக, வீடு முழுக்க ‘அசல்’ என்று கும்பிட்டுவந்த சுவர்ப்படம், அட்டைப் படத்தைப் பார்த்துப் பின்னாளில் எடுத்த நகல்.

இடமா, வலமா

நகலில் கட்டை எழுத்து நேராக வாசிக்க வருகிறது, செதுக்குளி இடக்கையில். அட்டைப் படத்தில் எழுத்து இடவலம் மாறியிருக்கிறது, செதுக்குளி வலக்கையில். ‘சரியாக வாசிக்க முடிவதே சரியான படம்’ என்று பேரன் நினைத்தது இயல்பு. மற்றப் படங்களுக்கு அது பொருந்தும். கடைப் பலகை மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அச்சுக்கட்டைக்குப் பொருந்தாது. காகிதத்தில் நேராக விழ வேண்டுமானால் கட்டையில் மாற்றித்தான் செதுக்க வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சொல் ‘தேயிலை’. அட்டைப் படத்தில் அது வலமிருந்து இடமாக ஓடுகிறது. ‘தே’யின் இரட்டைக்கொம்பு ‘த’வுக்கு முன்னால் இடப்பக்கம் நிற்பதற்குப் பதில் வலப்பக்கம் நிற்கிறது. ‘லை’ பழைய முறையில் யானைத் துதிக்கை போட்டு எழுதியது. அந்தத் துதிக்கையும் எதிர்ப்பக்கம் வளைகிறது. ‘ப’ போன்ற எழுத்து மட்டும் கண்ணில் பட்டிருந்தால் திண்டாடியிருப்போம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

எழுத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. ஸ்டூடியோக்காரர் காட்சிக்காக நேர் எழுத்துப் பலகை ஒன்றை வைத்திருக்கவும் கூடும் அல்லவா. வேறு தடயங்களையும் பார்த்தோம். அட்டைப் படத்தில் கோட்டின் மார்புப்பை அணிந்தவரின் இடப்பக்கம் வருகிறது, ஆண்கள் கோட்டில் இருக்க வேண்டிய பக்கம். நகலில் அது வலப்பக்கம். பொத்தான்கள் உதவவில்லை, நிறம் தீட்டியவர் கோட்டைக் கறுப்பால் மூடிவிட்டார். மனைவியோடு நிற்கும் இரண்டாவது படத்தில் திரைச்சீலையில் தீட்டிய தூண் வலப்பக்கம் இருக்கிறது. முதல் படத்திலும் அதே பக்கம், நகலில் எதிர்ப்பக்கம். சேலை முந்தானை, மூக்குத்தி ஆகியவற்றைத் தடயமாகக் கொள்ளவில்லை. உடுத்தும் முறை ஊருக்கும் வீட்டுக்கும் மாறும்.

எல்லாவற்றையும்விட உறுதியானது அந்த மூலை வெடிப்பு. அட்டைப் படத்தில் அது இடக் கீழ்மூலையில், சாய்வெளிச்சத்தில் நிழல் விழும் உண்மையான பிளவு. நகலில் வலக் கீழ்மூலையில் அதே வடிவில் ஒரு மங்கல் கோடு தெரிகிறது, ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது. பிளவின் படம் அது, பிளவு அல்ல. அதாவது நகல் எடுத்த நாளில் அசலில் வெடிப்பு இருந்தது, நெகட்டிவ் திரும்பியது. பூச்சி சுரண்டிய மூலை நகலில் முழுசாக இருப்பதால் அந்தச் சேதம் பிறகு வந்தது.

கண்ணாடி நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அச்சிட்டிருந்தால், புரட்டிப் போட்டதுமே கண்ணாடியின் தடிமன் இடையில் வந்து படம் மங்கும். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இது பெரிதாக்கிக் கருவியில் எடுத்தது, அந்த மங்கல் வராது. தவறுதலாகத் திருப்பினாரா, தெரிந்தே திருப்பினாரா? ‘தேயிலை’யின் கோடுகள் மேல் நுண்தூரிகையால் கறுப்பு ஏற்றியிருப்பது உருப்பெருக்கியில் தெரிகிறது. நிறம் தீட்டியவர் எழுத்தை வாசித்து, தெளிவாக்கி இருக்கிறார். எழுத்து ‘சரியாக’ வரட்டும் என்று வேண்டுமென்றே திருப்பினார் என்பது எங்கள் ஊகம். பேரன் நினைத்ததும் அதையேதான்.

தாத்தா எந்தக் கைக்காரர் என்பதைப் படம் தனியாக நிரூபிக்காது. ஸ்டூடியோவில் ‘இப்படிப் பிடியுங்கள்’ என்று சொல்லி உளியைக் கையில் கொடுத்திருக்கலாம். படம் செய்தது, இடக்கை என்பதற்கு இருந்த ஒரே ஆதாரத்தை நீக்கியதுதான். மிச்சம் மகளின் நினைவு.

கண்ணாடியோடு ஒட்டிய படம்

பிரிக்கவில்லை. ஒட்டிய இடத்தில் இழுத்தால் ஜெலட்டின் காகிதத்திலிருந்து உரிந்து கண்ணாடியில் தங்கிவிடும். ஆணிகளைக் கழற்றி, ஹார்ட்போட்டை நீக்கி, படத்தையும் கண்ணாடியையும் ஒன்றாகவே வெளியே எடுத்தோம். வெளிக்கண்ணாடியில் இருந்த புகைக்கரியை வடிநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தோம். தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே போகும்.

ஸ்கேனரில் வைக்காமல் கமெராவில் எடுத்தோம். இருபுறமும் 45 பாகையில் இரண்டு விளக்குகள், இரண்டிலும் ஒரே திசையில் போலரைசர் தாள் (ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டுவது), லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசர், கமெராவின் பிரதிபலிப்பு விழாமல் இருக்கக் கறுப்புத் துணி. வெளிச்சம் இரண்டு மூன்று படிகள் குறைவதால் முக்காலி வேண்டும். இந்த முறை கண்ணாடிப் பளபளப்பை முழுவதும் தின்றுவிடும், கூடவே தூரிகைத் தடத்தையும். ஆகவே போலரைசர் இல்லாமலும் ஒரு தொகுதி எடுத்து இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஒட்டிய திட்டின் கருமையை மூலக் கோப்பில் திருத்தவில்லை.

ஸ்கேன் செய்தது: அட்டைப் படங்கள் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், தபாலட்டைகள் 1200இல், நிறத்தோடு, வண்ணத்துக்கு 16 பிட்டாக, சுருக்காத டிஃப் கோப்புகள். அட்டைப் படம் ஒன்று ஏறக்குறைய 60 மெகாபைட், தபாலட்டை 166. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் எதற்கு என்று கேட்டார்கள். பழுப்பேறியதையும் வெள்ளி மினுக்கத்தையும் கறையையும் நிறம்தான் பிரித்துக் காட்டும்.

வைப்பதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாதுகாப்புக் கையேடுகள் பொலியெஸ்டர் உறையைப் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் மலைநாட்டு ஈரத்தில் ஜெலட்டின் வழவழப்பான எதிலும் ஒட்டும், கண்ணாடியில் ஒட்டியது போலவே. அமிலமில்லாக் காகித உறை, வெளியே பென்சிலில் விவரம், உறைக்குள் ஒரு படம் மட்டும்.

விளைவு

இடைப்பட்ட நாளில் பேரன் போனில் எடுத்துத் திருப்பிய படம் பதாகையாக அச்சாகிவிட்டது. அதை மறுபடி அடிக்கச் செலவானது. கலண்டர் தப்பியது. புதிய பதாகையில் அட்டைப் படம் உள்ளபடியே போனது, கீழே ‘கட்டையில் எழுத்து மாறித்தான் இருக்கும்’ என்று ஒரு வரியோடு. அந்த வரி இருந்தும் பார்க்க வந்த பலர் படம் திரும்பிவிட்டதாகச் சொல்லிப் போனார்கள். சுவர்ப்படத்தைத் திருப்பவில்லை. அது நகல் என்று பின்னட்டையில் எழுதி, உள்சுவரில், பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துக் காற்றோட இடைவெளி விட்டு மாட்டினார்கள்.

ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது பெட்டியின் ஈரப்பதம், திருத்தியபின், 46க்கும் 54க்கும் இடையில் நின்றது. ஒரு தபாலட்டையில் மட்டும் பூஞ்சணம் திரும்பியிருந்தது. உறவினருக்குக் காட்ட எடுத்தவர்கள் அதைப் பழைய ட்ரங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

உப்புச் சோதனை முதல் நாளே நடந்திருக்க வேண்டும். அட்டையின் வளைவை உலர்த்துவதற்கு முன் அளக்கவில்லை. ஆகவே மிஞ்சிய 2 மி.மீ வளைவு எங்களால் வந்ததா, முன்பே இருந்ததா என்று இப்போது சொல்ல வழியில்லை. திசை உறுதியாகும்வரை படத்தை எங்கும் அனுப்ப வேண்டாம் என்று குடும்பத்திடம் சொல்லத் தவறியதால் ஒரு பதாகை வீணானது. மூத்த மகள் முதல் நாள் சொன்னதைத் தேதியோடு எழுதாமல், ஆய்வு முடிந்த பின் மறுபடி கேட்டுப் பதிவு செய்தோம். அதற்குள் பேரன் முடிவை அவரிடம் சொல்லிவிட்டார், பதிவின் வலு குறைந்தது.

கணக்குக் கொப்பியைக் கடைசியில்தான் புரட்டினோம். நடுப்பக்கம் ஒன்றில் ஒரு தேயிலை லேபிள் ஒட்டியிருந்தது. கரைக்கோட்டின் வலது மேற்புறத்தில் சிறு முறிவு. லேபிளைத் திரையில் புரட்டி, சாய்வைச் சரிசெய்து, பாதி ஒளிபுகவிட்டு அட்டைப் படத்துக் கட்டையின் மேல் வைத்தபோது எழுத்தும் முறிவும் பொருந்தின. படத்தில் இருப்பது அந்த லேபிளின் கட்டையேதான். கொப்பியை முதல் நாளே திறந்திருந்தால் இடவலக் கேள்வி ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். வேறு பக்கங்களிலும் பசைத்தடம் மட்டும் மிஞ்சிய கட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்த லேபிள்கள் எங்கே போயின என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.